கால்வாசிப் பாம்பு

ராணிப்பேட்டை சிப்காட்டில்
ஷூவின் மேல்தோல் தைக்கிறவள் நான்.
நாளைக்கு இருநூற்று நாற்பது ஜோடி.
எங்கோ ஒரு ஜெர்மன்காரன் நடப்பதற்காக
இங்கே என் இடுப்பு உட்கார்ந்தே தேய்ந்தது.

வலிக்கு மாத்திரை,
மாத்திரைக்கு வயிற்றெரிச்சல்,
எரிச்சலுக்கு இன்னொரு மாத்திரை.
போதும் வா என்று ரெஹானாதான்
கோட்டை மைதானத்துக்கு இழுத்துப்போனாள்.
காலை ஐந்தரை.
வெயில் எழுந்திருக்கும் முன்
வேலூர்க்காரர்களுக்குக் கிடைக்கிற
கொஞ்சூண்டு நேரம்.

பொய் சொல்ல மாட்டேன்,
முதல் இரண்டு மாதம் நன்றாகத்தான் இருந்தது.
படுத்ததும் தூக்கம் வந்தது.
காகிதப்பட்டறையில் ஏறி
கம்பெனி வாசல்வரை
பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.
மகனைத் திட்டுவதற்கு முன்
ஒரு மூச்சு விட்டேன்,
திட்ட வேண்டியது பாதி மறந்துபோனது.

பிறகு முன்வரிசை ஆசை வந்தது.

பள்ளியில் கோகோ ஆடிய பிள்ளை ஒருத்தி
ஞாயிறுதோறும் தலைகீழாய் நிற்பாள்,
ஊதுவத்தி மாதிரி நேராக.
நாற்பத்தாறு வயதில் எனக்கென்ன குறைச்சல்?
சொல்லிக்கொடுக்கிற நிவாஸ்
கணுக்காலைப் பிடித்தான்.
"விடறேன்க்கா, பயப்படாதீங்க."
பிபி இருக்கா என்று அவன் கேட்கவில்லை,
இருக்கு என்று நானும் சொல்லவில்லை.

பதினொரு விநாடி.
அகழி மேலே, ஆகாயம் கீழே,
கோட்டைச் சுவர் வௌவாலாய்த் தொங்கியது.
ரெஹானா போட்டோ எடுத்தாள்.
கழுத்துக்குள் யாரோ
மிளகாய்க் காம்பு கிள்ளியதுபோல்
ஒரு சின்னச் சத்தம்.

மூன்றாம் நாள் மிஷினில்
நூல் போகிறது,
என் கட்டைவிரலுக்குத் தெரியவில்லை.
ஊசி நகத்தில் இறங்கியபோது
ரத்தம்தான் முதலில் வந்தது,
வலி வரவே இல்லை.

பெரியாஸ்பத்திரியில்
கொல்கத்தாவிலிருந்து வந்த குடும்பத்துக்கும்
அவர்கள் டிபன் கேரியருக்கும் நடுவே
டோக்கனோடு உட்கார்ந்திருந்தேன்.
எலும்புக்கு இடையே ஒரு மெத்தை பிதுங்கி
நரம்பை மிதிக்கிறதாம்.
பிசியோதெரபிக்கு வந்தவள் மிசோரம் பெண்.
லால்ரின்பூயி.
என் வாய் மூன்று முறை தடுக்கியது.
அவள் தமிழ் தடுக்கவே இல்லை:
"பிபி இருக்கு, ஏன் தலைகீழ நின்னே?"
யோகாதானே என்றேன்.
"கால் மேல போனா
ரத்தம் எங்க போகும் அக்கா?
கண்ணுல பிரஷர் இருக்கறவங்களும்
நிக்கவே கூடாது."

கண்.
ராத்திரியானால் தலையை அண்ணாந்து
இரண்டு சொட்டு விட்டுக்கொள்வாளே ரெஹானா!
வராண்டாவிலேயே போன் போட்டேன்.
அவளுக்கு அடுத்த ஞாயிறு முறை.
"அடிப் பாவி, அது யோகாடி, சர்க்கஸா?" என்றாள்.
சர்க்கஸில் கீழே வலை கட்டுவார்கள்டி என்றேன்.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, சொட்டு மருந்தின் பெயரை
எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

மூன்று மாதம் எதுவும் செய்யவில்லை.
பிறகு டாக்டரைக் கேட்டு
மறுபடி போனேன்.
யாருக்கும் ஆச்சரியம்.
கடைசி வரிசை, சுவரோரம்,
நாலாய் மடித்த போர்வை.
பாம்பாய் எழச் சொன்னால்
கால்வாசிதான் எழுவேன்.
வாசலில் வந்தது யாரென்று
எட்டிப் பார்க்கிற உயரம்.
அதற்கே இடுப்பு நன்றி சொல்கிறது.
மூச்சைப் பிடித்து வைப்பதில்லை.
வலித்தால் இறங்கிவிடுவேன்.
அதில் ஒரு வெட்கமும் இல்லை
என்று சொல்ல ஆசைதான்;
கொஞ்சம் இருக்கிறது.

கட்டைவிரல் பாதி திரும்பிவிட்டது.
நூல் இப்போது
திரைக்குப் பின்னால் நடக்கிற ஆள்மாதிரி
வருவது தெரிகிறது.

நிவாஸ் ஒரு நோட்டு வைத்திருக்கிறான் இப்போது.
பெயர், வயது, உடம்புக்கு என்ன.
தோட்டப்பாளையத்திலிருந்து புதிதாய் ஒருத்தி
நேற்று எழுதினாள்: ஒன்றுமில்லை.
கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன.
முன்வரிசையில் பாய் விரிக்கப் போனவளிடம்
பேனாவைத்
திருப்பிக் கொடுத்தேன்.